பிரித்துப் பார்த்த ஜி.டி. நாயுடு

பாபநாசம் மலையடிவாரத்தில் உள்ள விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் அண்மைக் காலமாக ஒரு காட்சியைக் காண முடிகிறது. வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, பழைய ஃபியட் அல்லது அம்பாசிடர் காரின் உறுப்புகளை அதன்மேல் வரிசையாக வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் சிலர் அவற்றை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா ஓட்டிய வண்டி. பல ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த வண்டி. அதை மீண்டும் சாலையில் ஓட்டிவிட வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அக்கம்பக்கத்தார் இதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். சிலர் வீண்செலவு என்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் இது வியப்பன்று. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரவருணியின் நீர்விசையைக் கொண்டு இங்கே நூற்பாலை தொடங்கினார்கள். அந்த ஆலை நூலை மட்டும் தரவில்லை. ஃபிட்டர்களையும் கடைசல்காரர்களையும் தலைமுறை தலைமுறையாகத் தந்தது. ஸ்பானர் பிடித்த கை தெருவுக்கு ஒன்றாவது இங்கே உண்டு. ஓர் உறுப்பு எங்கே பொருந்தும் என்று ஐயம் வந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

அப்படிக் கேட்பதற்கு ஆளில்லாத ஒரு சிற்றூரில், நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் இளைஞர் இதே வேலையைத் தனியாகச் செய்தார். தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் அந்தச் செயலுக்குரிய இடத்தை நாம் இன்னும் சரியாகக் கணக்கிடவில்லை என்பது என் எண்ணம்.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. உழவர் குடும்பம். பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. ஆசிரியர் கண்ணில் மண்ணை வீசிவிட்டு ஓடினார் என்பது முதல் அவரது பிள்ளைப் பருவத்தைப் பற்றிப் பல கதைகள் உண்டு; அவை எல்லாமே நிகழ்ந்தவைதாமா என்று ஆராய்வதில் பெரிய பயன் இல்லை. பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்கவில்லை என்பதே அவற்றின் சாரம்.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவ்வழியே ஓட்டி வந்த ரட்ஜ் வண்டி பழுதாகி நின்றது என்றும், அதைக் கழற்றித் துடைக்க அவர் மண்ணெண்ணெய் கேட்டார் என்றும், அதைக் கொண்டுவந்து கொடுத்த இளைஞர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை என்றும் சொல்வார்கள். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியைக் கண்டு வியந்தவர்கள் அன்று பலர். அது ஏன் நின்றது, எப்படி மீண்டும் ஓடியது என்பதில் மனம் ஊன்றியவர் அவர்.

வண்டியை வாங்கப் பணம் இல்லை. கோவை நகருக்குச் சென்று ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார். உழவர் வீட்டில் அந்தத் தொகைக்கு நல்ல உழவு மாடுகள் வாங்கலாம், நிலம்கூட வாங்கலாம். பொருளியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வருமானம் தராத ஒரு பொருளில், அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும், ஓர் ஏழை இளைஞர் தம் முழுச் சேமிப்பையும் இட்டார். வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. உறுப்பு உறுப்பாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார்.

இதன் கடினத்தை இன்று உணர்வது எளிதன்று. அக்காலத்து மோட்டார் சைக்கிள் எஞ்சின் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் கொண்டது. தீப்பொறிக்கு மின்கலம் கிடையாது. எஞ்சின் சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ என்ற கருவி உண்டு. அதன் தொடுமுனைகளுக்கு இடையிலான இடைவெளி தலைமுடி அளவு பிசகினாலும் பொறி வராது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் துளை ஒரு தூசியால் அடைபட்டாலும் வண்டி இருமி நின்றுவிடும். எஞ்சினுக்கு எண்ணெயை ஓட்டுபவரே கையால் அழுத்தி அனுப்ப வேண்டும். குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும், மிகுந்தால் புகை கக்கும். வால்வு தன் இருக்கையில் சரியாக அமராவிட்டால் அழுத்தம் கசியும். அதை மணற்பசை தடவி, முன்னும் பின்னுமாகச் சுழற்றித் தேய்த்து, சாம்பல் நிற வளையம் ஒரே சீராகத் தெரியும்வரை பொறுமையாக அரைக்க வேண்டும்.

இவற்றுள் எதையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுத முடியாது. பிரிக்கும்போதே எந்த உறுப்பு எதன்மேல் இருந்தது, எந்த ஆணி எந்தப் பக்கம் திரும்பியது என்று கவனிக்க வேண்டும். பூட்டிய பிறகு கையில் ஓர் உறுப்பு மிஞ்சினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சின் ஏமாற்றாது, சலுகையும் காட்டாது. அந்தச் சோதனையில் தேறிய நாயுடு, தம் வட்டாரத்தில் மோட்டார் வண்டி பழுதுபார்க்கத் தெரிந்தவரானார்.

இடையில் பருத்தி வணிகத்தில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சாலைத் தொழிலில் பொருள் ஈட்டினார். பம்பாய் சென்று பருத்திச் சந்தையில் அதை இழந்தார். திரும்பி வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்த முதலீடு, எஞ்சினைப் பற்றிய அறிவு ஒன்றுதான். கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரை அந்த அறிவை நம்பிக் கடனுதவி செய்தார். 1920-இல் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு தாமே ஓட்டினார். அடமானம் வைக்க நிலமில்லாத ஒருவருக்குக் கைத்திறனே பிணையாக நின்ற நிகழ்ச்சி இது. இன்றைய வங்கிகளின் கடன் விண்ணப்பங்களில் அத்தகைய பிணைக்குக் கட்டமே இல்லை.

அந்த ஒரு பேருந்து வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. அன்றைய சாலைகளில் எஞ்சின் சூடேறுவதும் அதிர்வதும் அன்றாடத் தொல்லைகள். உதிரி உறுப்புகள் கப்பலில் வர வேண்டும். வரும்வரை வண்டி நின்றால் வருமானமும் நிற்கும். ஆகவே தம் பட்டறையிலேயே உறுப்புகளைச் செய்துகொள்ளவும், எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி போன்றவற்றை உருவாக்கிக்கொள்ளவும் அவர் முற்பட்டார். பழுதுபார்க்கும் பட்டறை ஆய்வுக்கூடமாக மாறியது இப்படித்தான்.

இந்த இடத்தில் நெல்லைச் சீமையின் மற்றொரு மகனை நினைக்காமல் இருக்க முடியாது. களக்காட்டு மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். ரயில்வே வேலையையும் வங்கி வேலையையும் விட்டுவிட்டு, நாயுடுவுக்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் முன்னதாகவே பேருந்துத் தொழிலில் இறங்கினார். அவருடைய வெற்றிக்கும் பராமரிப்புதான் அடித்தளம். தேய்ந்த டயருக்கு மறுபூச்சு, உதிரி உறுப்பு விற்பனை, இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரியிலிருந்து எரிவாயு தரும் கலம் என்று அவர் நிறுவனம் படிப்படியாக விரிந்தது. அவர் 1955-இல் மறைந்த பின்னர் அக்குடும்பம் உறுப்பு உற்பத்தியிலும் வாகன உற்பத்தியிலும் கால் பதித்தது. இருவரின் பாதைகளும் ஒன்றே: பழுதுபார்த்தல், பிறகு உறுப்பு செய்தல், பிறகு முழுப் பொருள். ஆனால் சுந்தரம் ஐயங்கார் தம் அறிவை ஒரு நிறுவனத்துக்குள் இறக்கிவைத்தார். நாயுடுவின் அறிவு பெரும்பாலும் நாயுடுவிடமே இருந்தது. இந்த வேறுபாட்டின் விலையைப் பின்னாளில் நாம் கொடுத்தோம்.

பொருளியலில் செய்து கற்றல் என்றொரு கருத்து உண்டு. அமெரிக்க அறிஞர் கென்னத் ஆரோ 1962-இல் எழுதிய கட்டுரை அதைப் புகழ்பெறச் செய்தது. உற்பத்தியில் ஈடுபட ஈடுபட, அந்த அனுபவமே திறனைக் கூட்டும் என்பது அதன் மையம். நாயுடுவின் வாழ்க்கை அதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. ஆலை இல்லாத நாட்டில் உற்பத்தி அனுபவம் எங்கிருந்து வரும்? பிறர் செய்த பொருளைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்துதான் வரும். நமக்குக் கிடைத்த முதல் தொழில்நுட்பக் கல்லூரி, பழுதான இறக்குமதிப் பொருளே.

1937-இல் து. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து ஜி.டி. நாயுடு உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகக் கருதப்படுகிறது. இது அவரது பணிகளிலேயே பரவலான பயன் தந்தது என்பேன். பைக்காரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோவைக்கு வந்திருந்தது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் உற்பத்தியைத் தொடங்கியது. மின்சாரம் இருந்தாலும் கிணற்றில் நீர் இறைக்க மோட்டார் வேண்டுமே! கடையத்திலும் சங்கரன்கோவிலிலும் கமலை ஓய்ந்து கோயம்புத்தூர் பம்புசெட்டு ஓடத் தொடங்கியதற்குப் பின்னால், ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்த விரல்களும் இருக்கின்றன.

மற்றக் கண்டுபிடிப்புகள் பலவும் பரவலாக அறியப்பட்டவை. மின்சவரக் கத்தி, மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு எந்திரம், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, 1941-இல் 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டிய ஐந்து வால்வு வானொலி. பருத்தியிலும் பப்பாளியிலும்கூட ஆய்வு செய்தார். பட்டியலை நீட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவரை விந்தை மனிதராக மட்டும் காட்டும் பழக்கம் இந்தப் பட்டியல்களால் வந்ததுதான்.

கார் விஷயம் வேறு. 1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கி, 2,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்றார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அம்முயற்சி அத்தோடு நின்றது. எதை, யார், எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை அரசே முடிவு செய்யும் ஏற்பாடு 1951-ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டத்தோடு வந்திருந்தது. பற்றாக்குறையான அந்நியச் செலாவணியைச் சிறுகச் சிறுகப் பங்கிட வேண்டிய காலம் அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், இறக்குமதி உறுப்புகளைக் குறைப்பது எப்படி என்று முப்பது ஆண்டுகள் பட்டறையில் கற்றவரைத்தான் அந்த ஏற்பாடு வெளியே நிறுத்தியது. சிறிய, மலிவான மக்கள் கார் ஒன்று மாருதியின் வடிவில் சாலைக்கு வர 1983 வரை நாடு காத்திருந்தது.

கல்வியிலும் அவர் இதேபோல் மோதினார். 1945-இல் கோவையில், அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் அமைய நன்கொடையும் உழைப்பும் தந்தார். கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. நான்காண்டுப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டே போதும் என்பது அவர் கருத்து. வானொலி, மோட்டார் எந்திரவியல் ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்திக் காட்டினார். அரசு இணங்கவில்லை, அவர் விலகினார்.

கல்லூரியில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் இதில் நான் முழுதும் அவர் பக்கம் நிற்க இயலாது. பாலம் கட்டுபவருக்கும் விசையாழி வடிவமைப்பவருக்கும் கணிதம் ஆழமாக வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் ஒரு நாட்டுக்கு வேண்டிய தொழில்நுட்பர்களில் பெரும்பாலோர் அவர்கள் அல்லர் என்பதை அவர் கண்டிருந்தார். எஞ்சினைத் தொடாமலேயே எந்திரவியல் பட்டம் பெற்று வருவோரை இன்று பார்க்கும்போது, அவர் கருத்தில் பாதியையாவது ஏற்றிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

அவரது வாழ்வில் என் மனம் ஒப்பாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1950-களில் அரசின் வரி விதிப்பை எதிர்த்து, தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் அவரே உடைத்தார். அவரது குறையில் நியாயம் இருந்திருக்கலாம். கண்டுபிடிப்பாளரின் பல ஆண்டு உழைப்புக்கு ஓராண்டில் வரும் வருமானத்தை, அந்த ஓராண்டின் வருமானமாகவே கருதி வரி போடுவது சரியா என்பது இன்றும் பொதுநிதி பாடத்தில் விவாதிக்கத்தக்க கேள்வி. ஆனால் உடைந்ததைச் சேர்த்தே உயர்ந்தவர், சேர்ந்திருந்ததை உடைத்தது எதிர்ப்பாக மட்டும் முடியவில்லை. அந்தக் கருவிகளை மாதிரியாக வைத்து மேலும் செய்யக்கூடிய மாணவர் அணி அவருக்குப் பின்னால் வலுவாக இருந்திருந்தால், உடைத்தவற்றை மறுநாளே மீண்டும் செய்திருக்கலாம்.

1974 ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய அறநிலையம் நடத்தும் தொழிற்பொருட்காட்சி இருக்கிறது. 2015-இல் அதே வளாகத்தில் பழைய கார்களுக்கான அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. நெல்லையிலிருந்து கோவை செல்லும் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். கார்களின் மினுமினுப்பை மட்டும் பார்த்துத் திரும்பாமல், வெட்டித் திறந்து காட்டப்பட்ட எஞ்சின்களின் முன் சற்று நேரம் நின்றால் நல்லது.

முற்றத்தில் தார்ப்பாய் விரித்திருக்கும் நம் இளைஞர்களிடம் திரும்புவோம். அவர்கள் செய்வது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் சேராது. தம் வீட்டுக்குத் தாமே செய்துகொள்ளும் பணிகளைத் தேசியக் கணக்கு விலக்கி வைக்கிறது. மூன்று மாதம் உழைத்து ஒருவர் எஞ்சினை உயிர்ப்பித்தால், அவர் வாங்கிய உறுப்புகளின் விலை மட்டுமே கணக்கில் ஏறும். உழைப்புக்கு மதிப்பு பூஜ்யம். அதே காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினால் வளர்ச்சி கூடியதாகக் காட்டும். அளவுகோலின் இந்தக் குறையைக் கொள்கையாக்கிவிடக் கூடாது.

சட்டம் அவர்களை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்படும் சொந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்தாண்டுகளுக்குப் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் பதினைந்து வயதைக் கடந்து ஐம்பதை எட்டாத கார்களின் நிலை வேறு. அவற்றின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. நடுவயதில் கழித்துக்கட்டினால், ஐம்பதை எட்டும் வண்டிகள் எங்கிருந்து வரும்? புகை கக்கும் வண்டியைச் சோதித்து நிறுத்துவது நியாயம். வயதை மட்டும் பார்த்துச் சுமையேற்றுவதில் அந்த நியாயம் குறைவு.

இன்னொரு கதவும் மூடிக்கொண்டிருக்கிறது. இன்றைய வாகனத்தின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் திறக்க முடிவதில்லை. இன்று ஒரு துரைசாமி தம் சேமிப்பைக் கொட்டி வண்டி வாங்கினாலும் பிரித்துப் பார்க்க இயலாது. பழுது நீக்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-இல் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாயிலையும் திறந்தது. வாகனத் துறையும் அதில் அடக்கம். சட்டமாகும் வரை அது வேண்டுகோளாகவே இருக்கும்.

இவை தில்லியில் ஆக வேண்டியவை. திருநெல்வேலியிலேயே ஆகக்கூடியது ஒன்று உண்டு. பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், நாயுடு விரும்பியதைப் போன்ற ஆறு மாத மாலைநேரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கலாம். கார்புரேட்டர் சீரமைப்பு, வால்வு அரைத்தல், மேக்னெட்டோ சுற்றுதல், போருக்கு முந்தைய எஞ்சின்களின் தாங்கிகளுக்கு வெள்ளை உலோகம் வார்த்துச் சுரண்டிப் பொருத்துதல் ஆகியவையே பாடம். பட்டம் வேண்டாம், வயது வரம்பும் வேண்டாம். புதிதாகக் கட்டடமும் தேவையில்லை. ஆசிரியர்களாக விக்கிரமசிங்கபுரத்து ஓய்வுபெற்ற ஃபிட்டர்களை அழைக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்துவிட்டார்கள் என்பதால், இதை ஒத்திவைக்காமல் வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.